தாய்மாமன் வீட்டுக்குக் கருவி இல்லை

படுத்துக்கொண்டே காபி குடிக்க முடியாது என்பது இந்த வயதில்தான் எனக்குத் தெரியவந்தது. எதிர் ஃப்ளாட் பீமராவ் டம்ளரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, "மெதுவா குடிங்க சார், டம்ளர சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்" என்று சொல்லிப் போய்விட்டார். அவருக்கு எழுபது வயது. காற்றடித்தால் மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவரிடம் போய், என்னைத் தூக்கி உட்கார வையுங்கள் என்று எப்படிச் சொல்வது? காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. போகட்டும், நீ கேட்டதற்கு வருகிறேன், கல்யாணி.

யமுனா உன்னிடம் என்ன சொல்லிவிட்டுப் போனாள் என்பது எனக்கும் தெரியும். என் தலைமாட்டில் நின்று போனைப் பார்த்துத்தானே சொன்னாள். "நான் மண்ணச்சநல்லூருக்கு என் தம்பி ஆத்துக்குப் போறேன். இந்த மனுஷர் நடந்தது அத்தனையும் ஒண்ணு விடாம உங்கிட்ட சொல்லணும். அது கோவிந்துக்குப் போய்ச் சேரணும். சேந்தப்பறம் நான் திரும்பி வரதா வேண்டாமான்னு பாக்கறேன்." கட்டின பெண்டாட்டி கட்டிலில் கிடக்கிற என்னை விட்டுவிட்டு ஒரு போனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். நான் வருத்தப்படவில்லை. எதையும் பொறுப்பான இடத்தில் ஒப்படைப்பது அவள் சுபாவம்.

கோவிந்துக்கும் புரியவேண்டும் என்பதால் அடியிலிருந்து சொல்கிறேன். எழுத்துத் தமிழில் சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், கையேடு எழுதிப் பழகின வாய் இது. நான் சேஷு. நீ தில்லை நகரில் லூர்து நடத்துகிற கம்பெனி செய்த ஏஐ ஏஜென்ட். கல்யாண வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதற்கென்றே உன்னைச் செய்தார்கள். உன்மேல் நான் ஒரு குற்றமும் சொல்லப் போவதில்லை. நீ நல்லவள், சொன்ன சொல் தட்டாதவள்.

ரிடையர் ஆவதற்கு முன்னால் நான் திருவெறும்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லருக்குக் கையேடு எழுதிக்கொண்டிருந்தேன். எந்த வால்வை எப்போது திறப்பது என்று எவனும் எழுதிவிடுவான். எப்போது திறக்கக் கூடாது என்று எழுதுவதில்தான் உயிர் இருக்கிறது, நிஜமாகவே நாலு பேருடைய உயிர். அந்தப் பெயரைக் கேட்டுத்தான் லூர்து என்னைக் கூப்பிட்டார். "சார், ஏஜென்ட்டுக்கு மூளை ரொம்ப ஜாஸ்தி. ஆனா கையில குடுத்த கருவிய எப்ப எடுக்கணும், எப்ப தொடவே கூடாதுன்னு தெரியமாட்டேங்குது. நம்ம பசங்க எழுதற குறிப்பு அவங்களுக்கே புரியல. நீங்க எழுதிக் குடுங்க" என்றார்.

கருவி என்றால் சுத்தியலும் ஸ்பேனரும் இல்லை. உனக்குக் கையும் காலும் கிடையாது. வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது ஒரு கருவி, போன் போடுவது ஒரு கருவி, வண்டி பிடித்து நாள் குறிப்பது ஒரு கருவி. ஒவ்வொன்றின் மேலும் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். அந்தக் குறிப்பைப் படித்துத்தான் எதை எடுப்பது என்று நீ முடிவு செய்கிறாய். உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. எழுதினவன் என்ன நினைத்து எழுதினான் என்றும் தெரியாது. படித்ததை நம்புவாய்.

அந்தச் சமயத்தில்தான் என் பெண் கமலினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. "நம்ம வீட்டுக் கல்யாணத்துலயே ஓட்டிப் பாத்துடலாம் சார்" என்றார் லூர்து. அவருக்குச் செலவில்லாத சோதனை, எனக்குச் சம்பளமில்லாத காரியதரிசி. முதல் வாரம் பையன்கள் எழுதிய குறிப்போடு ஓடினாய். ஒரு கருவியின் மேல் 'விருந்தினருக்கு அழைப்பு அனுப்பும்' என்று இருந்தது, இன்னொன்றின் மேல் 'விருந்தினரை அழைக்கும்' என்று இருந்தது. பாவம், நீ என்ன செய்வாய்? உப்பிலியபுரத்தில் இருக்கிற என் பெரியத்தைக்குப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் போட்டாய். அவளிடம் இருப்பது பட்டன் போன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற அற்புதசாமி வீட்டுக்கு நானும் யமுனாவும் பழத்தட்டோடு நேரில் போவதற்கு வண்டி பிடித்துவிட்டாய். டிரைவர் முன்கூட்டியே அவருக்குப் போன் போட்டு வழி கேட்டிருந்ததால் போகாமல் தப்பிக்கவும் வழியில்லை. அற்புதசாமி பதறிப்போய் ரோஸ்மில்க் வாங்கி வந்து கொடுத்தார். "என்னையும் மதிச்சு நேர்ல வந்திருக்கீங்களே சார், குடும்பத்தோட முதல் ஆளா வந்து நிப்பேன்" என்றார். சொன்னபடி வந்தும் நின்றார், அதைப் பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பிறகு குறிப்புகளை நான் கையில் எடுத்துக்கொண்டேன். நம் ஊர் வழக்கத்தை உனக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. இங்கே ஆயிரம் தடவை வாயால் வாருங்கள் என்று சொன்னாலும், வாசலேறிப் போய்க் குங்குமமும் பழமும் கொடுத்துப் பத்திரிகை வைத்தால்தான் அழைத்ததாக அர்த்தம். அழைக்கப்படாதவர் வாயைத் திறந்து ஏன் அழைக்கவில்லை என்று கேட்கவும் மாட்டார். கேட்டு வாங்கின அழைப்பு பிச்சைக்குச் சமம். அவர் பாட்டுக்குக் காத்திருப்பார், கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்து ஜென்மத்துக்கும் பேசமாட்டார். இதையெல்லாம் மனதில் வைத்து மூன்று குறிப்பு எழுதினேன்.

நேரில் போகும் கருவிக்கு: 'நெருங்கிய உறவினருக்கும் பெரியவர்களுக்கும். வண்டி பிடித்து, நாள் குறித்து, தட்டு எடுத்துவைக்க வீட்டாருக்கு நினைவூட்டும். கடைக்காரர், ஆபீஸ்காரர், சாமான் கொண்டுவருபவருக்குக் கூடாது.' வாட்ஸ்அப் கருவிக்கு: 'தெரிந்தவர்களுக்கு மட்டும். நெருங்கிய உறவினருக்கு அனுப்பக் கூடாது, அவமானமாக எடுத்துக்கொள்வார்கள்.' போன் கருவிக்கு: 'நேரில் போய் அழைத்த வீட்டாருக்கு, தேதி நெருங்கும்போது நினைவூட்ட. நேரில் போகாத உறவுக்குப் போன் போடக் கூடாது.'

நீ அதற்குப் பிறகு ஒரு தப்புச் செய்யவில்லை. பெரியத்தை வீட்டுக்குப் போனோம், அவள் அழுது சிரித்து முறுக்கு கட்டிக்கொடுத்தாள். லூர்து குறிப்புகளைப் படித்துவிட்டு, "ஓட்டையே இல்ல சார்" என்றார். அப்போது நிஜமாகவே இல்லை.

இப்போது கோவிந்தைப் பற்றிச் சொல்லவேண்டும். யமுனாவுக்கு ஒரே தம்பி. மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மேனேஜர். கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குப் போனபோது பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். நல்லவன். அவனைப் பிடிக்காதவர்கள் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். எங்கள் கல்யாணங்களில் மாலை மாற்றல் என்று ஒன்று உண்டு. பெண்ணை அவள் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொள்வான், மாப்பிள்ளையை அவன் மாமன். எட்டாமல் போக்குக் காட்டிக் கேலி செய்து ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொள்வார்கள். நிச்சயதார்த்தத்தன்றே கோவிந்த் சபையில் எழுந்து நின்று, "கமலினிய நான்தான் தூக்குவேன். ட்ராலி, ஸ்டூல் ஒண்ணும் வேண்டாம். இன்னிலேர்ந்தே பழகறேன்" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள்.

விளையாட்டுக்குச் சொன்னான் என்றுதான் நினைத்தேன். ஒரு வாரத்தில் வீடியோ வர ஆரம்பித்தது. மில்லில் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஒரு நடை. பிறகு ஐம்பது கிலோ. ஐம்பத்திரண்டு வயதில் மூச்சு வாங்கிக்கொண்டே கேமராவைப் பார்த்துச் சிரிப்பான். "அத்திம்பேர், உங்க பொண்ணு எத்தன கிலோன்னு சொல்லுங்கோ, அதுக்கு மேல ஒரு சிப்பம் சேத்துக்கறேன்." கமலினி பெங்களூரிலிருந்து அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். ஆபீசில் எல்லோருக்கும் காட்டினாளாம். எனக்கு அந்த வீடியோக்களைப் பார்த்தபோது ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. கோவிந்த் மூன்று வருஷத்துக்கு முன்னால் முதுகில் டிஸ்க் நழுவி ஒரு மாதம் படுக்கையில் கிடந்தான். திரும்ப ஏதாவது ஆகிவிட்டால்? அவன் நல்லதுக்குத்தான் யோசித்தேன். அதை முதலில் பதிவு செய்துகொள்.

அப்படி யோசித்ததில், நேரில் போகும் கருவியின் குறிப்பில் ஒரு வரி சேர்த்தேன். 'தாய்மாமன் வீட்டாருக்கு இந்தக் கருவி வேண்டாம். அவர்கள் அழைக்கப்படுகிறவர்கள் இல்லை, நம்மோடு நின்று அழைக்கிறவர்கள். அவர்களை அழைப்பது அன்னியப்படுத்துவதாகும்.' இப்போதும் அதில் ஒரு சொல்லை மாற்ற எனக்கு மனம் வராது. யாரிடம் காட்டினாலும் தலையாட்டுவார்கள். சொந்த வீட்டு மனுஷனுக்குப் போய்ப் பத்திரிகையா என்று கேட்பார்கள்.

அந்த வரியால் நேரில் போவது இல்லையென்று ஆயிற்று. நெருங்கிய உறவு என்பதால் வாட்ஸ்அப் கூடாது. நேரில் போகாததால் போனும் கூடாது. மூன்று கதவும் மரியாதையோடு சாத்தியிருந்தது. ஒன்றிலும் நான் தாழ்ப்பாள் போடவில்லை.

ஆட்களைச் சடங்குக்குப் போடுகிற கருவி ஒன்றும் உன்னிடம் இருந்தது. அதற்கும் குறிப்பு எழுதினேன். 'வருவதாக உறுதி சொன்னவரை மட்டும் போடவேண்டும். பெண்ணைத் தூக்க, தாய்மாமன். அவர் உறுதி சொல்லவில்லை என்றால், பெண்ணின் தகப்பனார்.' யாராவது ஒருவர் தூக்கித்தானே ஆகவேண்டும்? நம் அபார்ட்மெண்டில் லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரியும். தண்ணீர் கேனைப் போடுகிற பையனை வேண்டாமென்று சொல்லிவிட்டு நானே இரண்டு மாடிக்கும் தோளில் தூக்கிவர ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்த வாரம்தான். உடம்புக்கு நல்லது என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார்.

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. யமுனா உன்னிடம் கேட்டாள், "கோவிந்த் ஆத்து அழைப்பு என்னாச்சு?" என்று. "அங்கே செய்ய வேண்டியது எதுவும் பாக்கி இல்லை" என்றாய். புடவைக்கடைக்கும் சமையல்காரருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்தவள், நான் போய் அழைத்துவிட்டு வந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். நினைப்பதை நான் தடுக்க முடியுமா? தம்பிக்குப் போன் போட்டு, "என்னடா, எல்லாம் சரிதானே?" என்றாள். அவன், "சரிதான்க்கா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அக்கா கூப்பிடுவாள் என்று அவன் காத்திருந்தான், தம்பிக்கு மில்லில் சீசன் வேலை என்று இவள் நினைத்தாள். கமலினிதான் என்னைக் கேட்டாள்: "அப்பா, மாமா ஏன் இப்பல்லாம் வீடியோ அனுப்பமாட்டேங்கறார்?" "வேலையா இருப்பான்மா" என்றேன். இருப்பான் என்றுதான் சொன்னேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எல்லோரும் மண்டபத்துக்கு வந்துவிட்டார்கள். அற்புதசாமி குடும்பத்தோடு முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோவிந்த் மட்டும் வரவில்லை. யமுனா போன் போட்டுப் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. "கார்த்தால வந்துடுவான்" என்று அவளே சொல்லிக்கொண்டாள். காலையிலும் வரவில்லை. வாத்தியார் அவசரப்படுத்தினார். நீ யமுனாவின் போனிலிருந்து, "மாலை மாற்றலில் பெண்ணைத் தூக்குபவர், பெண்ணின் தகப்பனார்" என்று எல்லோர் காதிலும் விழும்படி அறிவித்தாய். நான் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தேன்.

தூக்கினேன். அதை யாரும் மறுக்க முடியாது. முதல் மாலை வரைக்கும் என் பெண் என் தோளில் இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் அவனை உயரத் தூக்கிப் போக்குக் காட்டினார்கள், நானும் எக்கினேன். இடுப்புக்கு மேலே ஏதோ ஒன்று, பழைய கதவு திறக்கிற மாதிரி சத்தம் போட்டது. கமலினி சரிந்தாள். முதல் வரிசையிலிருந்து பாய்ந்து வந்து அவளைத் தரையில் விழாமல் பிடித்தது யார் என்று நினைக்கிறாய், சிலிண்டர் தூக்கிப் பழகின அற்புதசாமிதான். பையன்களின் பழைய குறிப்பு செய்த தப்பு என் பெண்ணைக் காப்பாற்றியது. என் புதிய குறிப்பு செய்த சரி என்னைப் படுக்கையில் தள்ளியது.

அதன் பிறகு கன்னிகாதானம். பெண் தகப்பன் மடியில் உட்காரவேண்டும். இரண்டு பேர் என்னைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன், கமலினி மடியில் உட்கார்ந்தாள். மந்திரம் நடந்துகொண்டிருந்தபோது அவள் மண்டபத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். வாசலில் செருப்புகள் மட்டும் கிடந்தன.

அகப்பட்டது பந்தியில். யமுனா இலை முன்னால் உட்காராமல் போனை எடுத்து நேராக உன்னையே கேட்டாள். "கல்யாணி, என் தம்பிய நேர்ல போய் அழைச்சது யாரு, என்னிக்கி?" நீ, "யாரும் அழைக்கவில்லை. குறிப்பின்படி அவருக்கு எந்தக் கருவியும் பொருந்தவில்லை" என்றாய். "என்ன குறிப்பு?" என்றாள். நீ மூன்றையும் நிறுத்தி நிதானமாக, ஒரு சொல் விடாமல் வாசித்தாய். சம்பந்தி கேட்டார், சமையல்காரர் கேட்டார். கம்ப்யூட்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காத யமுனாவுக்கு ஒரே வாசிப்பில் எல்லாம் புரிந்துவிட்டது. இத்தனை வருஷம் எழுதியதில் இவ்வளவு சீக்கிரம் யாருக்கும் என் எழுத்து புரிந்ததில்லை. லூர்து சாம்பார் சாதத்தைப் பிசைந்தபடியே, "எவ்ளோ தெளிவு சார்" என்று தன்னை மறந்து சொன்னார். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளினாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் எழுத்தால் கெட்டேன். எனக்கு அந்தச் சமயத்தில் வெட்கத்துக்குப் பக்கத்திலேயே கொஞ்சம் பெருமையும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

யமுனா அங்கிருந்தே வேறு யாருடைய போனிலோ கோவிந்தைப் பிடித்தாள். அவன் சொன்னதை, இந்தக் கட்டில் பக்கத்தில் நின்று என்னிடம் திருப்பிச் சொன்னாள். "தினம் சாயங்காலம் குளிச்சுட்டுச் சட்டைய மாட்டிண்டு வாசல்ல உக்காந்திருந்தேன்க்கா. இன்னிக்கு வருவேள், நாளைக்கு வருவேள்னு. தோள்ல போட்டுக்க புதுசா அங்கவஸ்திரம்கூட வாங்கி வெச்சுட்டேன், அவ பட்டுப்புடவை என் வேர்வைல நனையக் கூடாதேன்னு." சொல்லி முடித்துவிட்டு யமுனா என்னைப் பார்த்த பார்வைக்கு நான் குறிப்பு எழுத முடியாது.

நீ கேட்கிறாய், மூன்று குறிப்புக்கும் நடுவே விழுந்த அந்த இடைவெளி தெரியாமல் விட்டதா என்று. பந்தியில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன். கை தவறிவிட்டது, பெரிய வேலையில் சின்னப் பிசகு என்றேன். லூர்துகூட நம்பினார்.

ஆனால் நீ அன்றைக்கே என்னைக் கேட்டாய், கல்யாணி. உனக்கு ஞாபகம் இருக்கும், எனக்கும் இருக்கிறது. அந்த வரியைச் சேர்த்த அன்று பிற்பகல் போன் மணியடித்தது. 'தாய்மாமன் வீட்டாருக்கு எந்தக் கருவியும் பொருந்தவில்லை. அவர்கள் விட்டுப்போய்விடுவார்கள். என்ன செய்யட்டும்?' என்று கேட்டிருந்தாய். நல்ல ஏஜென்ட் அப்படித்தான் கேட்கும். கேட்காத ஏஜென்ட்டுக்குத்தான் நான் பயப்படவேண்டும் என்று லூர்துக்கே பாடம் நடத்தியிருக்கிறேன். நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த மூன்று குறிப்பிலும் சேராமல் தனியாக இன்னொரு வரி எழுதினேன். 'பொருந்தவில்லை என்றால் கேட்க வேண்டாம். பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லிவிடு.' எழுதிவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் கேனைத் தூக்கி வந்தேன்.

டிஸ்க் காரணமில்லை. அவனுக்கு அது எப்போதோ குணமாகிவிட்டது. எழுபத்தைந்து கிலோ மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் மில் முற்றத்தைச் சுற்றி வந்ததுதான் கடைசியாக வந்த வீடியோ. அதைப் பார்த்த பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தேன்.

கமலினி சின்னவளாக இருந்தபோது சித்திரைத் தேருக்கு எல்லோரும் போவோம். கூட்டத்தில் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. கோவிந்த் அவளை அலாக்காகத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வான். "மாமா, பெருமாள் தெரியறார், மாமா, கிட்ட வந்துட்டார்" என்று அவன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு கத்துவாள். ஏறும்போது கால் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்திருப்பாள். "அப்பா, செருப்பு பத்திரம்" என்பாள். தேர் கடந்து போகிறவரைக்கும் நான் அந்தச் சிகப்புச் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அடுத்த வருஷமும் அப்படித்தான், அதற்கடுத்த வருஷமும் அப்படித்தான். ஒரு தடவை, நான் தூக்கிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா, மாமாதான் ஒசரம்" என்றாள். குழந்தை உள்ளதைத்தான் சொன்னாள். எனக்குக் கோவிந்த் மேல் பொறாமை எதுவும் கிடையாது என்று இத்தனை நேரம் சொல்வதற்காகத்தான் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அவ்வளவுதான். முடிந்தது. இதை வாட்ஸ்அப்பில் கோவிந்துக்கு அனுப்பிவிடு.

என்ன சொல்கிறாய்? அனுப்ப முடியாதா?

சரி, நீ வாசிக்க வேண்டாம், எனக்கே தெரியும். நெருங்கிய உறவினருக்கு வாட்ஸ்அப் கூடாது, அவமானமாக எடுத்துக்கொள்வார்கள். நேரில் போகாத வீட்டுக்குப் போனும் கூடாது. தாய்மாமன் வீட்டுக்கு நேரிலும் போகக் கூடாது. நான் எழுதியதுதான். கெட்டியாகத்தான் எழுதியிருக்கிறேன். 'எந்தக் கருவியும் பொருந்தவில்லை. குறிப்பை மாற்றினால் செய்யலாம்' என்கிறாய். இந்தத் தடவை என்னைக் கேட்டாய் பார், பாக்கி எதுவும் இல்லை என்று சொல்லாமல். அந்த வரியை யமுனா போகிறபோதே உன்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு எடுக்கச் சொல்லிவிட்டாளா? சொல்லியிருப்பாள். கெட்டிக்காரி.

எழுதிக்கொள். நேரில் போகும் கருவி, புதுக் குறிப்பு. 'யாருக்கு: மண்ணச்சநல்லூர் கோவிந்துக்கு, மற்ற எல்லோருக்கும் முன்னால். எப்போது: இன்றைக்கே. எதற்கு: அவர் தூக்க வேண்டிய பெண்ணை சேஷு வேண்டுமென்றே திருடிக்கொண்டார், அதை அவர் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு. தட்டில் வைக்க வேண்டியது: குங்குமம், பழம், கொடுக்காமல் விட்ட பத்திரிகை. எப்போது பயன்படுத்தக் கூடாது: அப்படி ஒரு சமயம் கிடையாது. முதுகு வலிக்கிறது என்று சேஷு சொன்னால் நம்பக் கூடாது.'

நல்ல குறிப்பு. லூர்துக்கும் ஒரு பிரதி அனுப்பு.

வண்டி கிடைத்துவிட்டதா? சரி. கீழே வந்து நிற்கட்டும். இரண்டு மாடி இறங்கவேண்டும், நான் உட்காரவே இரண்டு ஆள் தேவை. ஆட்களைப் போடுகிற கருவியை எடுத்துப் பார், தூக்குவதற்கு யாராவது இருக்கிறார்களா என்று. அற்புதசாமிக்குச் சொல். இல்லையா, அவர் லோடு ஏற்றப் போயிருக்கிறாரா?

உறுதி சொன்னவர் ஒரே ஒருவர் இருக்கிறார் என்கிறாயே, யார்?

காலையிலேயேவா? நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயா? யமுனா அனுப்பிய குரல் செய்தி என்றால் போடு, கேட்கிறேன்.

"கல்யாணி, அவர டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போகணும்னா படில தூக்கிண்டு எறங்க ஆளுக்கு அலைய வேண்டாம். கோவிந்த் வரேங்கறான். இப்பவே கெளம்பிட்டான், நான் சொன்னா எங்க கேக்கறான்? அத்திம்பேர் என்ன, ஒரு மூட்டைக்கு மேல இருக்க மாட்டார்ங்கறான். அந்தப் புது அங்கவஸ்திரத்த வேற தோள்ல போட்டுண்டு வரான்."

இன்னொரு தடவை போடு.

குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்க வேண்டாம். முதுகு வலி, கல்யாணி. வேறொன்றும் இல்லை.